‘தி’ இல்லாத ஜெயில்

கம்பைநல்லூர் எலக்ட்ரீஷியன் உபைத் ஓசூரில் ஒரு கம்பெனி நேர்காணலுக்குப் போயிருந்தான். விண்ணப்பத்தில் அனுபவம் என்ற இடத்தில், ‘டூ இயர்ஸ் இன் ஜெயில்’ என்று அவனே ஆங்கிலத்தில் எழுதியிருந்தான்.

“இவ்வளவு நேர்மையா எழுதுன ஆளைப் பாக்கணும்னுதான் கூப்புட்டேன்” என்றார் மேலாளர் கலைமதி. “எந்தக் கேஸுலங்க உள்ள போனீங்க?”

உபைத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. “கேஸா? ஐயோ மேடம், அங்க ஃபேன், லைட்டு, மோட்டார் ரிப்பேரெல்லாம் நாந்தாங்க பாத்தேன். சாயங்காலமானா வூட்டுக்குப் போயிருவேங்க.”

கலைமதி வாய்விட்டுச் சிரித்தார். “அப்ப ‘இன் தி ஜெயில்’னு எழுதணுங்க. ‘தி’யை விட்டுட்டா கைதியா இருந்தீங்கன்னு அர்த்தம். ஆஸ்பத்திரிக்கும் அப்படித்தான். ‘தி’ போடலைன்னா நோயாளி.”

“தப்புப் பண்ணவனுக்கு ஒரு வார்த்தை கம்மி, வேலைக்குப் போனவனுக்கு ஒண்ணு அதிகமா? இது என்னங்க நியாயம்?”

அவர் தம் பேனாவாலேயே ‘தி’யைச் சேர்த்து, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

உபைத் வெளியே வந்து மனைவி ஹீனாவுக்குப் போன் செய்தான். வேலை கிடைத்த சந்தோஷத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதுதான், இதே விண்ணப்பத்தை வாங்கிய மற்ற நான்கு கம்பெனிகளும் ஏன் கூப்பிடவேயில்லை என்பது அவனுக்குப் புரிந்தது.