பேராயர் வரும்வரை

செத்துப்போன தன் பிள்ளைக்கு ஞானஸ்நானச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார் ஞானசிகாமணி. மதுரையில் தைத்த பட்டுச் சட்டை. விறைத்த கை உள்ளே நுழையவில்லை. அந்தச் சின்ன முழங்கையை அவர் மடக்கி அழுத்தியதைப் பார்த்து ஜெபராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூடப்பிறந்த அண்ணன்தான். ஆனாலும் அவர் விரல்களைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் பிள்ளைக்கு மூச்சு இழுத்தபோது அவள் தம்ளரில் தண்ணீரோடு ஓடி வந்தாள். சபைப் போதகரான ஐயர் தேனிக்குப் போயிருந்தார். ஆபத்து நேரத்தில் விசுவாசி யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது லுத்தரன் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒருமுறை கொடுத்துவிட்டால் மறுபடி கொடுக்க முடியாது என்பதும் தெரியும். அண்ணனுக்கு இரண்டாவதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை பேராயரே வந்து கொடுப்பதாக ஏற்பாடு. போடி பஜாரில் பாதிப்பேரை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்.

"நீ ஊத்திட்டா பேராயர் வந்து என்னத்தச் செய்வாக? சளிதான், போ அங்கிட்டு" என்று தம்ளரைத் தட்டிவிட்டார். விடிவதற்குள் பிள்ளை அடங்கிவிட்டது.

வாசலில் ஐயரின் சைக்கிள் வந்து நின்றது. அண்ணன் அவள் காதருகே குனிந்தார்.

"ஐயரு கேட்டா, நீ குடுத்துட்டேன்னு சொல்லிரு. சபையில நமக்குன்னு ஒரு பேரு இருக்குல்ல."

அவர் வாயில் வெற்றிலை மணத்தது. பிள்ளையைப் பறிகொடுத்த காலையில் வெற்றிலை போட எப்படித்தான் மனசு வந்ததோ.

ஐயர் கேட்டார். "ஜெபராணி குடுத்துருச்சுய்யா" என்று அண்ணன் தேம்பினார்.

மூலையில் கிடந்த அண்ணி செல்வமணி சட்டென்று தலை தூக்கினாள். ஆமாம் என்று ஒரு சொல் போதும், அவள் நிம்மதியாக அழுவாள். ஜெபராணிக்கு நாக்கு நுனிவரை வந்தது. பிதாவின் பெயரால் ஊற்றாத தண்ணீரை ஊற்றினேன் என்று எப்படிச் சொல்வது?

"இல்லைங்கய்யா. தண்ணியோட வந்தேன். அண்ணன் தட்டிவிட்டுட்டாக."

 ஐயர் அண்ணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"தண்ணி படாததுக்காகக் கர்த்தர் பிள்ளையத் தள்ளமாட்டாரும்மா. வேணும்னு தடுத்தவுகதான் பயப்படணும். நம்ம கல்லறைத் தோட்டத்துலயே வைப்போம்."

"அப்ப ஊரறியக் கோயில் மணி அடிப்பாகளாய்யா?" என்று கேட்டார் ஞானசிகாமணி.

"ச்சீ!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள் ஜெபராணி. யாரும் அவளை அதட்டவில்லை.

பெட்டி வந்தது. பிள்ளையைத் தூக்க அண்ணன் கை நீட்டினார். செல்வமணி முந்திக்கொண்டு வாரியெடுத்து, ஜெபராணியின் கைகளில் வைத்தாள்.

"தலையத் தாங்கிப் பிடி, தாயி" என்றாள்.