கீழே படுத்திருக்கும் கடல்

கொட்டாங்கச்சியில் ஒரு வாய்த் தண்ணீர், அதில் என் முகம் நடுங்குகிறது, கை நடுங்குவதால்தான் முகம் நடுங்குகிறது என்று தெரியும், ஆனாலும் தண்ணீருக்குள் வேறு யாரோ பயந்துகொண்டிருப்பதாகவே ஒவ்வொரு காலையும் தோன்றுகிறது, நாக்கின் நுனியை மட்டும் நீட்டித் தொடுகிறேன், கண்ணை மூடிக்கொண்டு உப்பு என்று சொல்கிறேன், கிணற்றுக்கு, வேலிக்கு, யாருமில்லாத கொல்லைக்கு, உப்பு. மீதியைக் கொய்யாச் செடியின் தூரில் ஊற்றுகிறேன், செடி அதைக் குடித்துக்கொள்கிறது, நான் சொல்வதில் செடிக்கு நம்பிக்கை இல்லை.

மணலுக்குள் சிமெண்டு உறைகளை அடுக்கி இறக்கிய கிணறு இது, குனிந்து அகப்பையை நீட்டினால் எட்டிவிடும் ஆழத்தில் தண்ணீர், மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் கடல். நான் ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன், நீடாமங்கலத்துக்காரன், கல்யாணம் முடிந்து மங்கையின் ஊருக்கு முதன்முதலாக வந்த அன்று வாளியைக் கயிற்றில் கட்டித் தொம்மென்று இந்தக் கிணற்றில் போட்டேன், அடுப்படியிலிருந்து அவள் ஓடி வருகிறாள், கல்லூரியில் ஆய்வகத்தில் நான் குழாயை உடைத்தபோது கத்திய அதே குரலில் கத்துகிறாள், ஏய், என்ன பண்ற நீ, மெதுவா, இது உங்க ஊரு ஆறு இல்ல, மேல ஒரு சாண்தான் நல்ல தண்ணி, அதுக்குக் கீழ கடல் படுத்திருக்கு, எழுப்பிடாத. கொட்டாங்கச்சியில் மூங்கில் காம்பு செருகிய அகப்பையை எடுத்துவந்து, தூங்குகிற பிள்ளையின் போர்வையை விலக்குவதுபோல் தண்ணீரின் மேல்தோலை மட்டும் எடுத்துக் குடத்தில் ஊற்றினாள், இங்க யாரும் எறைக்க மாட்டாங்க, மொள்ளுவாங்க, மொள்ளத் தெரியாத மாப்பிள்ளையக் கட்டிவச்சிட்டாங்களே எனக்கு. யாரு கட்டிவச்சா, நீயாத்தானே கட்டிக்கிட்ட. ஆமா, கெமிஸ்ட்ரி படிச்சவன், தண்ணிய பத்தியாவது தெரியும்னு நம்பிட்டேன். அன்று சிரித்தேன். இப்போது அந்தச் சொல்தான் காலடியில் கிடக்கிறது, வீட்டுக்குள் நடந்தாலும் கொல்லையில் நடந்தாலும் குதிகாலை மெதுவாகவே வைக்கிறேன், கீழே அது படுத்திருக்கிறது, ஒருக்களித்து, மூச்சு விட்டுக்கொண்டு.

புயல் எங்களை ஒன்றும் செய்யவில்லை, அதைத்தான் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. எங்கள் மகள் ஓவியாவை முந்தின நாளே மன்னார்குடிக்கு அவள் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம், நாங்கள் ஊரோடு பள்ளிக்கூடத்தில் ஒண்டிக்கொண்டோம், காற்று ஓட்டைப் பிடுங்கியது, பனையை முறித்தது, விடியும்போது நின்றது. நின்றது என்றால் அப்படி ஒரு நிற்றல், ஒரு இலை அசையவில்லை, வெயில்கூட வந்தது, காக்கை கத்தியது, அப்பாடா என்று ஊரே சிரித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியது. மங்கை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மொதல்ல ஒரு டீ, அப்புறம் இந்தக் குப்பைய பாப்போம் என்று சொல்லிக் கொல்லைக்குப் போனாள், நான் வாசலில் விழுந்துகிடந்த பூவரசைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பறவைச் சத்தம் ஒரே நேரத்தில் அறுந்தது, திரும்பினால் மணல்மேட்டின் மேலே கடல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அலை இல்லை, சத்தம் இல்லை, பால் பொங்கி வழிவதுபோல் வழிந்து வந்தது, பழுப்பாக, அவசரமில்லாமல், என்னைத் தூக்கிப் பூவரசின் கிளைக்குள் செருகியது, கொல்லைப் பக்கம் பார்க்கிறேன், கொல்லை இல்லை, கிணறு இல்லை, அகப்பை மட்டும் சுற்றிச் சுற்றி மிதக்கிறது. மறுநாள் அவளைத் தாழம்புதரில் எடுத்தார்கள். அதற்கு மேல் எனக்கு அதில் ஒன்றும் இல்லை.

அதனால்தான் காற்று அடித்தால் நன்றாகத் தூங்குகிறேன், காற்று நின்றால் விழித்துக்கொள்கிறேன், எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும் நிமிடம்தான் அது மேட்டுக்கு அந்தப் பக்கம் எழுந்து நிற்கிற நிமிடம்.

உதவிக்கு வந்தவர்கள் நல்லவர்கள், வெளியூர்ப் பையன்கள், தெருத் தெருவாக டீசல் இன்ஜினை இழுத்துக்கொண்டு வந்து எல்லாக் கிணற்றிலும் குழாயை விட்டார்கள், பக்கத்து வீட்டுப் பக்கிரிசாமி அண்ணன் மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டு, ஐயா, ஒட்ட உறிஞ்சாதிய, மழை பேஞ்சு அதுவா அமுங்கட்டும் என்று பின்னாலேயே நடந்தார், உள்ள ஆடு செத்துக் கெடக்கு பெரியவரே, அழுகிப்போனா காலரா வந்துடும் என்றார்கள், அதுவும் உண்மைதான். தரை தெரிய இறைத்தார்கள். மறுநாள் ஊறிய தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை, கடலைவிடக் கசந்தது, கீழே இருந்ததை மேலே வரச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். அதே வாரம்தான் எங்கள் ஊரிலிருந்து உறவெல்லாம் வந்தது, அம்மா என் தலையைப் பிடித்து மடியில் அமுக்கி, அழுதுடுய்யா, உள்ள வச்சுக்காத, அழுதாத்தான் பாரம் எறங்கும் என்று உலுக்கிக்கொண்டே இருந்தாள், சித்தப்பா தோளைத் தட்டினார், எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள், நான் முயன்றேன், வாயைத் திறந்தேன், வந்த சத்தத்தைக் கேட்டு அம்மாவே கையை எடுத்துவிட்டாள். அப்புறம் யாரும் அழச் சொல்லவில்லை.

உப்பளத்துக்கு வேலைக்குப் போனேன், எனக்கு அங்கே ஆய்வகத்தில் வேலை, பாத்தி நீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து மிதவையைப் போட்டு எத்தனை டிகிரி என்று பார்த்துச் சொல்லவேண்டும், இன்னும் இறுகட்டும் என்று சொன்னால் காத்திருப்பார்கள், போதும் என்று சொன்னால் வாரத் தொடங்குவார்கள். புயலுக்குப் பிறகு ஊரில் முதலில் பிழைத்தது உப்பளம்தான், உப்புக்குக் கடலால் என்ன கெடுதல். அப்புறம் உமரி வந்தது, சோறு விளைந்த வயலெல்லாம் சிவப்பும் பச்சையுமாய் உமரி, உப்பைத் தின்று வளர்கிற செடி, அதைப் பார்க்க எனக்கு ஆறுதலாக இருந்தது, என்னைப்போல அதற்கும் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. ஒரு மழைக்காலம் போனது, கருகி நின்ற வேம்பு செம்புநிறத்தில் துளிர் விட்டது, நான் அதைப் பார்க்காமல் சுற்றிப் போனேன். இரண்டாம் மழைக்காலத்தில் உமரி பின்வாங்கி மேட்டோரம் ஒதுங்கியது, அருகம்புல் அதன் இடத்துக்கு வந்தது, கிணற்றின் மேலே தட்டான் பறந்தது, ஒருநாள் உள்ளே தவளை கத்தியது. உப்பில் தவளை இருக்காது. கதவைச் சாத்திக்கொண்டேன், அது விடாமல் கத்திக்கொண்டிருந்தது, பக்கிரிசாமி அண்ணன் வேலிக்கு மேலே தலையை நீட்டி, என்ன தம்பி, ஒங்க கெணத்துல கச்சேரி நடக்குது, நீங்க உள்ள போயி ஒளிஞ்சிக்கிட்டிய, குடிச்சுப் பாத்தியளா என்று கேட்டார். உப்புதாண்ணே என்றேன். ஒங்க கெணத்துத் தவள உப்புக் கருவாடா போவாம எப்படிக் கத்துது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார்.

அன்று காலை தொட்டுப் பார்த்திருந்தேன். உப்பில்லை.

மங்கையின் அக்கா திலகவதிக்குப் பிள்ளை இல்லை, ஓவியாவை அவள்தான் வைத்திருக்கிறாள், நல்ல தண்ணி வரட்டும் தம்பி, நானே கொண்டாந்து விடுறேன், கேன் தண்ணிய நம்பி அந்த மணல்ல பச்சப்புள்ளய வச்சுக்க முடியாது என்று அன்று சொன்னதுதான் எங்களுக்குள் இருந்த பேச்சு. நான் மன்னார்குடிக்குப் போனதே இல்லை, போன் மட்டும்தான், போன் செய்யும்போதெல்லாம் முதல் கேள்வி அதுதான், தண்ணி எப்படி இருக்கு தம்பி, நான் சொல்வேன், உப்புதாங்க்கா. முதலில் அது உண்மையாக இருந்தது, பிறகு எந்தக் காலையில் பொய்யானது என்று கோடு போட முடியாது, ஆனால் பொய்யான பிறகு குரல் இன்னும் உறுதியாக வந்தது. பின்னணியில் ஓவியா விளையாடுகிற சத்தம் கேட்கும், யாரும்மா போன்ல, என்று அக்காவைக் கேட்பாள், அக்கா குரலைத் தணித்து, பெரியம்மாடி நான், போன்ல அப்பா என்பாள். எனக்குக் கனவு ஒன்று வருகிறது, கனவா நான் நினைத்துக்கொள்வதா தெரியாது, ஓவியா கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறாள், எல்லாம் பச்சையாக இருக்கிறது, எல்லாம் நன்றாக இருக்கிறது, ஒரு இலை அசையவில்லை. அங்கேயே முடிந்துவிடுகிறது. மிச்சத்தை நான்தான் விழித்துக்கொண்டு பார்க்கிறேன். இன்னொன்றும் உண்டு, அதைச் சொன்னால் சிரிப்பார்கள், மங்கையை மூடிய தண்ணீர் அந்த உப்புதான், அதுவும் மழையில் அமுங்கிக் கீழே போய்விட்டால் அவளைக் கடைசியாகத் தொட்டது எதுவும் மேலே இல்லை.

சித்திரை கடைசியில் அக்கா போனில் சொன்னாள், ஸ்கூல் சேக்கணும் தம்பி, இங்க சேத்துட்டா அப்புறம் பாதியில புடுங்க முடியாது, அவ இங்கத்துப் புள்ளயாவே ஆயிடுவா, யோசிச்சுச் சொல்லுங்க, தண்ணி எப்படி இருக்கு. உப்புதாங்க்கா. சரி, என்றாள், வைத்துவிட்டாள், அந்தச் சரியில் சந்தோஷம் இருந்ததா என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், இருந்திருந்தால் தவறில்லை.

அவள் சொல்லாமல் வந்தாள். உப்பளத்திலிருந்து மதியம் வீட்டுக்கு வருகிறேன், வாசலில் இரண்டு சின்னச் செருப்பு, பக்கத்தில் உடைக்காத கேன் தண்ணீர், உள்ளே வெந்த பருப்பின் வாசம், இந்த வீட்டில் அந்த வாசம் வந்து வெகுகாலம், ஒரு கணம் யார் சமைக்கிறார்கள் என்று நினைத்தேனோ அதை எழுத வேண்டாம். அடுப்படியில் அக்கா, கரண்டியில் பருப்பை எடுத்து ஆறவைத்து, என்னைப் பார்த்துக்கொண்டே கட்டைவிரலால் நசுக்கினாள், வெண்ணெயாய் நசுங்கியது. எங்க அம்மா இப்படித்தான் பாப்பாங்க தம்பி, உப்புத் தண்ணியில பருப்பு வேகாது, பொழுது சாயிற வரைக்கும் கல்லாவே கெடக்கும், இது அரை மணியில மலந்துடுச்சு, கேன தொறக்கவே இல்ல, ஒங்க கெணத்துத் தண்ணிதான். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். எத்தன மாசமா, என்றாள். நீங்க பொய் சொன்னா எனக்குத்தான் லாபம், தெரியுமா, அவ எங்கூடவே இருந்துடுவா, நேத்து ராத்திரி வரைக்கும் அப்படியே விட்டுடலாம்னுதான் படுத்துக் கெடந்தேன், எம் புருஷன்கூடச் சொன்னாரு, உப்புன்னு சொல்றாருல்ல, விடேன்னு, ஆனா என் தங்கச்சி கெணறு தம்பி அது, நாஞ் சின்னப்புள்ளயில மொண்டு குடிச்ச கெணறு. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஏன் தம்பி. காத்து நின்னுடுதுக்கா, என்றேன். அவளுக்கு அது புரியவில்லை, எப்படிப் புரியும், சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது, வெளியே எந்தச் சத்தமும் இல்லை, வேம்பு அசையவில்லை, தவளைச் சத்தம் நின்றிருந்தது, பாப்பா எங்க, என்றேன், இங்கதானே இருந்தா, என்று அக்கா திரும்புவதற்குள் நான் கொல்லையில் இருந்தேன்.

கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறாள். உறையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறாள், குடுமி முன்னால் சரிந்திருக்கிறது, எல்லாம் பச்சையாக இருக்கிறது, அருகு, கொய்யா, வேம்பு, ஒரு இலை அசையவில்லை, நான் ஓடுகிறேன், மணல் காலை இழுக்கிறது, மணல்மேட்டைப் பார்க்கிறேன், கிணற்றைப் பார்க்கிறேன், மேட்டைப் பார்க்கிறேன், வாரி எடுத்து நெஞ்சோடு அழுத்தியபோது அவள் வீரிட்டாள், விடு, விடு, யாரு நீ. மேட்டின் மேல் வானம் மட்டும் இருந்தது. வெகுநேரம் வானம் மட்டுமே இருந்தது. அவள் நெஞ்சு என் நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது, எது அவளுடையது எது என்னுடையது என்று தெரியாமல் இரண்டும் பயந்துகொண்டிருந்தன, பிறகு அவளுடையது முதலில் அடங்கியது. தவள, என்றாள் உள்ளே கையைக் காட்டி, குதிச்சுடுச்சு. ஆமா. நீதான் போன் அப்பாவா. ஆமா. தாகமா இருக்கு.

பின்னால் அக்காவின் காலடி வந்து நின்றது, பக்கத்தில் வரவில்லை. மடியில் ஒரு கையால் பிள்ளையை இறுக்கிக்கொண்டு மறுகையால் அகப்பையை இறக்கினேன், மெதுவா, மெதுவா, என்றாள் ஓவியா, நான் சொல்லாமலே, தவளைக்காகச் சொல்கிறாள், அடியில யாரு இருக்கா என்று கேட்டாள், கடல் படுத்திருக்கு, எழுப்பிடாத, என்று என் வாயிலிருந்து வந்தது, வந்த குரல் என்னுடையதாகத்தான் இருந்தது, ஆனால் சொல் மங்கையுடையது, இந்த முறை அது சிரித்தபடி வந்தது. போர்வையை விலக்குவதுபோல் மேல்தோலை மட்டும் எடுத்தேன். கொட்டாங்கச்சியில் ஒரு வாய்த் தண்ணீர், அதில் இரண்டு முகம் நடுங்குகிறது, அவள் நாக்கு நுனியை நீட்டித் தொட்டாள், நான் தொடுவதைப் போலவே, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பிறகு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகங்களோடு குடித்தாள், மோவாயில் வழிந்தது, கொட்டாங்கச்சியின் கறுத்த அடி தெரிந்தது.

தண்ணி எப்படி இருக்கு தம்பி, என்று அக்கா கேட்டாள், போனில் கேட்கும் அதே குரல், இப்போது உடைந்திருந்தது.

இன்னும் காற்று வரவில்லை. மேட்டைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, பார்த்தேன். குடிக்கலாங்க்கா, என்றேன், இங்கயே ஸ்கூல்ல சேத்துடுவோம். ஓவியா அகப்பையை மறுபடி நீட்டினாள், வாங்கி, பயந்துகொண்டே, மெதுவாக இறக்கினேன்.