இருட்டறையில் ஐந்து விளக்குகள்

கண்காட்சி திறக்க இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. நூலகத்தின் கீழ்த்தளக் கூடத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ‘இஸ்லாமிய நாகரிகத்தில் அறிவியல்’ என்ற பலகை வாசலில் ஏறிவிட்டது. நட்சத்திரத்தின் உயரத்தை அளக்கும் பித்தளை வட்டு, பழைய மருத்துவமனை ஒன்றின் வரைபடம், காகிதம் செய்யும் தொட்டியின் மாதிரி எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டன. பாக்கி, மரப்பலகைகளால் எழுப்பிய இருட்டறை ஒன்றுதான்.

அது அவளுடைய செல்லப்பிள்ளை. இயற்பியல் படித்துவிட்டு இங்கே புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தவளுக்கு முதல்முறையாகக் கிடைத்த சொந்த வேலை. கண்ணிலிருந்து ஏதோ புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று கிரேக்க அறிஞர்கள் பலர் நம்பினார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னுல் ஹைதம் அதை மறுத்தார். இருட்டறைக்கு வெளியே விளக்குகளை வரிசையாக வைத்தார். நடுவில் ஒரு சிறு துளை. உள்ளே எதிர்ச்சுவரில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு ஒளிப்பொட்டு விழுந்தது. ஒன்றை மறைத்தால் அதன் பொட்டு மட்டும் காணாமல் போனது. ஒளி நேர்கோட்டில் வருகிறது. கண்ணுக்கு வந்து சேருகிறது. கண் எதையும் அனுப்புவதில்லை. விளக்க அட்டையில் இவ்வளவு எழுதுவதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

நாளை மாலை ஆறு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் வருகிறார்கள். மொட்டை மாடியில் நட்சத்திரம் பார்த்துவிட்டு எட்டரைக்குக் கிளம்புவார்கள். அவர்களை வீடு சேர்க்கப்போவது அவள் கணவர். அந்தப் பள்ளி பஸ்ஸின் டிரைவர். கொஞ்ச காலமாகச் சாயங்கால டிரிப்புகளை மற்றவர் தலையில் கட்டிவிட்டு வந்தவர், இதற்கும் பிடி கொடுக்காமல் இழுத்தடித்து, அவள் முகம் வாடியதைப் பார்த்துத்தான் தலையாட்டினார். அந்த நாற்பது பேரில் அவர்கள் மகளும் ஒருத்தி.

இன்று மதிய டிரிப் முடித்து அவளைப் பார்க்க வந்திருந்தார்.

“உள்ள போய் நில்லுங்க. முதல் பார்வையாளர் நீங்கதான்.”

“டிக்கெட் இல்லாம விடுறியே புரொபசர், வேலை போயிடப் போகுது.”

கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு போனவர் நிலையில் தோளை இடித்துக்கொண்டார். அறையைச் செய்த தச்சர் பக்கத்தில் துளையிடும் மெஷினோடு உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, வாசலை நான் வச்ச இடத்துலதான் வச்சிருக்கேன்.”

“உன் வாசல்தான்யா கோணல்.”

அவள் சிரித்துக்கொண்டே பின்பக்கம் சுற்றிப் போனாள். வெளிவெளிச்சம் படாமலிருக்க, விளக்குகளையும் துளையையும் சேர்த்துக் கறுப்புத் துணியால் மூடியிருந்தது.

“தெரியுதா?”

“ஆகா! அஞ்சும் பளிச்சுனு தெரியுதே. முத்துக் கோத்த மாதிரி இருக்கு. வலது கோடி மட்டும் கொஞ்சம் மங்கல்.”

யாரும் பார்க்காவிட்டாலும் அந்தப் பாராட்டில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. கோடி விளக்கைத் திருத்தத் துணியைத் தூக்கினாள்.

உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை. அவற்றின் பிளக் தரையில் கிடந்தது. அது இருக்க வேண்டிய சாக்கெட்டில் தச்சருடைய மெஷினின் பிளக் இருந்தது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. கிண்டல் செய்கிறார். துணியைப் பழையபடி மூடினாள்.

“இப்ப நடு விளக்கை மறைக்கிறேன், பாருங்க” என்றாள். எதையும் தொடவில்லை.

“போயிடுச்சு! இப்ப நாலு. அந்தப் பெரிய மனுஷன் கெட்டிக்காரர்தான்.”

குரலில் கிண்டல் இல்லை. அவர் சொல்வது உண்மையென்றால் ஆயிரம் வருட அறிவியலை நாளைக்குள் மூட்டை கட்டிவிட வேண்டும். பிளக்கை மாற்றிச் செருகினாள். ஐந்தும் எரிந்தன. சுற்றி வந்து திரைக்குள் நுழைந்தாள்.

எதிர்ச்சுவரில் ஐந்து பொட்டுகள், ஒன்றை ஒன்று தொடாமல், தெளிவாக. அவள் நினைத்ததைவிட அழகாக.

அவர் அதைப் பார்க்கவில்லை. பக்கத்துப் பலகையைப் பார்த்து நின்றிருந்தார்.

“நல்லா இருக்கும்மா. நாளைக்குப் பிள்ளைங்க இடத்தை விட்டு நகர மாட்டாங்க.”

“எங்க இருக்கு?”

“எது?”

“விளக்கு.”

அவர் விரலை நீட்டினார். வெறும் மரத்தை நோக்கி.

அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. வீட்டில் இரவெல்லாம் குளியலறை விளக்கை அணைக்க விடாதது. போன மாதம் உடைந்த பஸ் கண்ணாடி. எவனோ இடித்துவிட்டான் என்றார். விளக்கில்லாத சந்தில் அவள் தோளைப் பிடித்தபடியே நடந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகும் இப்படி ஒரு பிரியமா என்று அவள் அன்று தலை குனிந்து நடந்தாள்.

“நீங்க அஞ்சுன்னு சொன்னப்ப லைட்டே போடலங்க.”

அவர் விரல் மெல்ல இறங்கியது.

“அஞ்சுதானே வாங்கிட்டு வந்து குடுத்தேன்” என்றார்.

“நாளைக்கு நம்ம பொண்ணும் அந்த வண்டியிலதான் வரா.”

“மெதுவா ஓட்டிக்கலாம்னு…”

வெளியே தச்சர் குரல் கொடுத்தார். “அண்ணே, நாளைக்கு என் பையனும் வரான். திரும்பும்போது எனக்கும் ஒரு ஓரமா இடம் குடுங்க. நின்னுக்கிட்டாவது வரேன்.”

பதிலை அவள் அவரிடமே விட்டாள். அவர் திரையைத் தேடினார். முதல் தடவை கை காற்றைப் பிடித்தது. அடுத்த தடவை துணி சிக்கியது. வெளிச்சத்துக்கு வந்து கண்களைக் கசக்கிக்கொண்டு நின்றார். அவளும் பின்னால் வந்து நின்றாள்.

“நாளைக்கு வண்டி நான் ஓட்டல.”

“ஏண்ணே, வீட்டுல லீவு குடுத்துட்டாங்களா?”

“இல்லப்பா. இருட்டிட்டா எனக்குக் கண்ணு தெரியறதில்ல. ரெண்டு வருஷமா.”