எழுப்பலாம் மாமா

கடையில் சாதாரண அழைப்பு மணி ஒன்றை வாங்கி மாட்டியிருந்தால் அன்றே வேலை முடிந்திருக்கும். ஆனால் மருமகளுக்குக் கை சும்மா இருக்குமா? கம்ப்யூட்டரில் செருகும் யூஎஸ்பி கருவிகளுக்கு உள்ளே ஓடும் நிரல் எழுதுவதுதான் அவள் பிழைப்பு. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்து மாமனார் வீட்டுக்கு வந்ததும், அவர் கட்டிலருகே சிவப்புப் பொத்தான் ஒன்றைப் பொருத்தி, அதன் நீள ஒயரைத் தன் வேலை அறையிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் செருகினாள். பொத்தானை அழுத்தினால் அங்கே மணி அடிக்கும். “இன்னொரு தடவை விழுந்தா, நடக்கிறதை மறந்துட வேண்டியதுதான்” என்று டாக்டர் சொல்லியிருந்தார். தனியாக எழவே கூடாது.

ஒரு மத்தியானம் அவள் வேலை அறையிலிருந்து வெளியே வந்தால், மாமனார் தன் அறைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஓடிப்போனாள். தாங்கிப் பிடித்துப் படுக்க வைத்துவிட்டு, கோபத்தைப் பொத்தான் மேல் காட்டினாள்.

“மணியே அடிக்கலை. சனியன், தூங்கிடுச்சு போல மாமா.”

“பொத்தான்கூடவா தூங்கும்?”

“கம்ப்யூட்டர் கண்ணை மூடினா இதுவும் மூடிக்கும். கரண்ட் மிச்சம். மூச்சு விடற அளவுக்குத்தான் எடுத்துக்கும். நீங்க அழுத்தினா முழிச்சுக்கிட்டு கம்ப்யூட்டரை எழுப்பணும். ஆனா ‘என்னை நீ எழுப்பலாம்’னு கம்ப்யூட்டர் தூங்கறதுக்கு முன்னாடியே சொல்லி வெச்சிருக்கணும். சொல்லலேன்னா இது வாயே திறக்காது.”

“நல்ல பிள்ளை” என்றார் மாமனார். பொத்தானைத்தான்.

அந்த அனுமதியைக் கொடுக்க மறந்திருப்பேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். கொடுத்துத்தான் இருந்தது. கம்ப்யூட்டரைத் தூங்கவிட்டு, ஓடிவந்து அழுத்தினாள். வீடே அதிர மணி அடித்தது. மறுபடியும் தூங்கவிட்டாள். மறுபடியும் அடித்தது.

“மாமா, நீங்க அழுத்தினீங்களா?”

ரயிலில் கார்டாக இருந்தவர். ஒரு விசிலில் ஆயிரம் பேரைக் கிளப்பியவர். இப்போது போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“உன் ரூம் கதவு சாத்தியிருந்துச்சும்மா. சாத்தியிருந்தா கூப்பிடக் கூடாதுன்னு நீ சொல்லியிருக்கியே.”

எப்போது சொன்னாள்? யோசித்துப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த புதிதில், புது வேலையின் பதற்றத்தில், வீட்டில் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னது. அவளே மறந்துபோயிருந்தாள். அவள் கணவன் அதை ஒருநாள்கூட மதித்ததில்லை. இந்த மனிதர் மட்டும் இத்தனை வருடமும் சிவப்பு சிக்னலைப் போல மதித்து வந்திருக்கிறார். அவர்மேல் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பிரியம் வந்தது.

“இப்ப மாத்திச் சொல்றேன், கேட்டுக்கோங்க. கதவு சாத்தியிருந்தாலும் எழுப்பலாம் மாமா. நான் எரிஞ்சு விழுந்தாலும் எழுப்பலாம்.”

“சரிம்மா” என்றார். அந்தச் சரியை அவள் நம்பவில்லை.

மறுநாள் மேலாளரோடு கம்ப்யூட்டரில் பேசிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. போட்டது போட்டபடி ஓடினாள். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கால்கள் இன்னும் போர்வைக்குள்தான் இருந்தன.

“என்ன மாமா, தண்ணியா? பாத்ரூமா?”

“ஒண்ணும் வேண்டாம். எழுந்து நடக்கணும் போல இருந்துச்சு. அதான் கூப்பிட்டேன்.”

அவள் தோளைக் கொடுத்தாள். இருவரும் ஜன்னல் வரைக்கும் மெல்ல நடந்தார்கள். அடுத்த அறையில் மேலாளர், “லைன்ல இருக்கீங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.