தூங்கும் என்று எழுதாத ஃபங்ஷன்

தனக்கு 'சென்சார் செக்' என்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளே போய்த் தூங்குகிற ஒரு ஃபங்ஷனை, அதாவது கம்ப்யூட்டர் புரோகிராமில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்துகொடுக்கிற துண்டை, எவன் எழுதினானோ, அவன் என் கையில் கிடைத்தால் மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் நிற்க வைத்து நாலு கேள்வி கேட்பேன். செக் என்றால் எட்டிப் பார்த்துவிட்டு உடனே வந்து 'இருக்குது', 'இல்லை' என்று சொல்ல வேண்டாமா? மேலே கமெண்ட் என்று ஒரு வரி விளக்கம் எழுதினால் கையா தேய்ந்துவிடும்?

குயிலாப்பாளையத்தில் ஒரு வாடகை வீட்டு மாடியில்தான் எங்கள் கம்பெனி. உப்பளத்து மோட்டாரைத் தானாக நிறுத்துகிற பெட்டி ஒன்று செய்துகொண்டிருந்தோம். பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ். அதில் மற்ற புரோகிராம்களை எல்லாம் கட்டி மேய்க்கிற அடிப்படைப் புரோகிராமுக்குக் கர்னல் என்று பெயர். அதை மேய்ப்பது என் வேலை.

2005 மே மாதம் முதல் பெட்டியை எங்கள் ஊர் மரக்காணத்தில் கலியமூர்த்தியின் உப்பளத்தில் மாட்டினோம். பாத்தியில் தண்ணீர் போதுமான அளவு ஏறியதை சென்சார் என்கிற உணர்கருவி சொன்னதும் மோட்டார் நிற்க வேண்டும். இரண்டு வாரம் ஒழுங்காக நின்றது. அப்புறம் ஒரு சனிக்கிழமை பெட்டி அப்படியே உறைந்துபோய், மோட்டார் பாட்டுக்கு இறைத்துத் தள்ளிவிட்டது. மறுநாள் வாரவேண்டிய உப்பின் மேல் தண்ணீர் ஏறி எல்லாம் கரைந்தது.

"ஏம்மா ஹுமா, உங்க பொட்டி வேற எது செய்யுதோ இல்லியோ, என் உப்பை நல்லா கரைக்குது" என்றார் கலியமூர்த்தி போனில். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

எனக்கு ஏற்கெனவே முந்தின நாளிலிருந்து மனசு சரியில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் சவூதியில் தமாமிலிருந்து அவர் பேசியிருந்தார். அவர் என்றால் என் வீட்டுக்காரர் ஹம்தான். நிக்காஹ் முடிந்து இரண்டு மாதம் என்னோடு இருந்துவிட்டு ஏ.சி. மெக்கானிக் விசாவில் பறந்தவர். இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிகிற நேரம்.

"கம்பெனில இன்னும் ரெண்டு வருஷத்துக்கு கையெழுத்து போடச் சொல்றாங்க. என்ன பண்ணட்டும், ஹுமா?"

எங்கள் வீட்டில் போன் ஹாலில் இருக்கிறது. மாமியார் ஜெயினம்பு பக்கத்திலேயே சோபாவில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். அவரை வைத்துக்கொண்டு நான் என்ன பேச முடியும்?

"உங்க இஷ்டங்க" என்றேன்.

என் தாய்வீட்டுப் பெண்கள் 'வேண்டவே வேண்டாம்' என்பதை இப்படித்தான் சொல்வார்கள். என் அம்மா இதைச் சொன்னால் அத்தா மாட்டிய சட்டையைக் கழற்றி ஆணியில் போட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிடுவார். இவர் "சரிம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். புரிந்துகொண்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் வழியில்லை.

இன்னும் இரண்டு வருஷமா? அவர் முகத்தில் மச்சம் எந்தப் பக்கம் என்பதைக் கல்யாண ஆல்பத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. சோற்றை எப்படிப் பிசைவார், தூக்கத்தில் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார் என்பதெல்லாம் ஒவ்வொன்றாகக் கை நழுவிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆள் இருக்கிற சூடு வேண்டும் என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. இதை யாரிடம் சொல்வது?

செவ்வாய்க்கிழமை கோளாறைப் பிடித்தோம். கர்னலில் லாக் என்று ஒன்று உண்டு. ஒருவர் கைவைத்திருக்கும் பொருளை இன்னொருவர் தொட்டுவிடக் கூடாது என்று போடுகிற தாழ்ப்பாள் அது. போட்டவர் சட்டென்று வேலையை முடித்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். எங்கள் டீம் ரேணுகா தன் புரோகிராமில் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, அந்த சென்சார் செக்கைக் கூப்பிட்டிருந்தாள். அதுவோ, சென்சார் பதில் தருகிறவரை படுத்துத் தூங்கும் ரகம். சென்சார் அன்றைக்குப் பதில் தரவே இல்லை. கல்யாண வீட்டில் இருக்கிற ஒரே பாத்ரூமுக்குள் ஒருவன் தாழிட்டுக்கொண்டு தூங்கினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

ரேணுகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பேரைப் பாத்து நம்பித்தானேக்கா கூப்பிட்டேன்? அது தூங்கும்னு எங்கயாச்சும் ஒரு வரி எழுதியிருந்தா நான் ஏன் கூப்பிடப்போறேன்?"

எங்கள் டீம் லீடர் கலையரசன் ரேணுகாவின் வரியை மட்டும் மாற்றினால் போதும் என்றார். "அந்த ஃபங்ஷன் ஒழுங்காத்தாங்க ஓடுது. பேரை மாத்துறேன்னு எதுக்கு இழுத்து விட்டுக்கணும்?"

"அது ஓடுதுங்க. அதை நம்புனவங்கதான் விழறாங்க" என்றேன். எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து நானே கொஞ்சம் பயந்துபோனேன். ஒரு ஃபங்ஷனுக்காக யாராவது குரல் நடுங்கப் பேசுவார்களா?

அவர் எழுந்து டீ குடிக்கப் போனார். நான் உட்கார்ந்து, ரேணுகாவின் வரியைத் திருத்திய கையோடு பெயரையும் மாற்றினேன். இப்போது அதன் பெயர் 'வெயிட் ஃபார் சென்சார்'. அதைக் கூப்பிடுகிற இடங்களை எல்லாம் தேடித் தேடி மாற்றினேன். தலைமாட்டில் கமெண்ட் எழுதினேன்: இது தூங்கும், சென்சார் பதில் தரும்வரை எழாது, எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது, லாக் பிடித்துக்கொண்டு இதைக் கூப்பிடாதீர்கள். திரும்பி வந்த கலையரசன் படித்துப் பார்த்துவிட்டு, "இப்ப எனக்கே புரியுது" என்றார்.

அன்று சாயங்காலம் மரக்காணம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ரேணுகா கேட்டது காதை விட்டுப் போகவில்லை. ஒரு வரி, எங்கேயாவது ஒரு வரி. இரண்டே மாதம் கூட இருந்த மனுஷனுக்கு என் தாய்வீட்டுப் பேச்சு எப்படித் தெரியும்? அவர் வீட்டில் இஷ்டம் என்றால் இஷ்டம்தானோ என்னவோ.

வீட்டுக்குள் நுழைந்ததும் புர்காவைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தேன். எங்கள் வீட்டிலிருந்து தமாமுக்கு யாரும் போன் போடுவதில்லை. அவர்தான் அங்கிருந்து பேசுவார். இங்கிருந்து போட்டால் மௌத்துச் செய்தி என்று அர்த்தம். மாமனார் இறந்த அன்றைக்குப் போட்டதுதான் கடைசி.

"யாருக்கு என்னம்மா ஆச்சு?" மாமியின் கையில் தஸ்பீஹ் நின்றுவிட்டது.

"யாருக்கும் ஒன்னுமில்ல மாமி."

அந்தப் பக்கம் அவரும் அதையேதான் கேட்டார், அதைவிடப் பதறிப்போய். "அம்மாவுக்கு என்ன? ஹுமா! அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"மாமி நல்லா இருக்காங்க. இதோ பக்கத்துலதான் இருக்காங்க. நான்தான் பேசணும்னு போட்டேன்." மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும். "கையெழுத்து போடாதீங்க. வந்துடுங்க. நீங்க இல்லாம எனக்கு முடியல."

"கேக்குதாங்க?" என்றேன்.

"நேத்து போட்டுட்டேன் ஹுமா" என்றார். "உங்க இஷ்டம்னு சொன்னியே. நான் வந்தா என்ன, வராட்டி என்னன்னு நீ நினைக்கிறன்னு தோணிச்சு. நீ அப்படிச் சொன்ன அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடவே இல்ல."

அவ்வளவுதான். இன்னும் இரண்டு வருஷம். ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஹுமா, கொஞ்சம் முன்ன சொன்னியே. அதை இன்னொரு வாட்டி சொல்லு."

"இன்னொரு வாட்டியா?" என்றேன்.

"என்னவாம்? அவனுக்குக் கேக்கலியாமா?" என்றார் மாமி. எழுந்து என் பக்கத்தில் வந்து நின்று, என் கையோடு சேர்த்து ரிசீவரைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா சத்தமா சொல்லும்மா. நானும்தான் வரச் சொன்னேன்னு சேத்துச் சொல்லு."