திருப்பிப் படுக்க வைக்க இரண்டு பேர்

என் வீட்டு ஆண்களுக்கு மூக்கு மட்டும் வெகு நன்றாக வேலை செய்யும். மாமனார் அறைக் கதவை நான் லேசாகத் திறந்தால் போதும், கூடத்தில் இருக்கும் என் வீட்டுக்காரர் கைக்குட்டையைத் தேட ஆரம்பித்துவிடுவார். மாடியில் அவருடைய அண்ணன் ஜன்னலைச் சாத்துவார். அந்த அண்ணனுக்கு நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் செண்டு. வாய்விட்டுக் கூப்பிடுவது அத்தான் என்று. கார் விற்கும் ஷோரூமில் மேனேஜர். குளித்ததும் ஒரு தடவை, சட்டை போட்டதும் ஒரு தடவை, படியிறங்கும்போது ஒரு தடவை என்று செண்டு அடித்துக்கொள்வார். பெற்ற தகப்பன் படுத்திருக்கும் அறையைத் தாண்டும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போவார்.

மாமாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை, இடது கால் விழுந்துவிட்டது. பேச்சு குழறும். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டால் புரியும். அந்தப் பொறுமை இந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. மல்லாக்கவே கிடந்து கிடந்து இடுப்புக்குக் கீழே புண் வந்துவிட்டது. முதலில் சிவந்தது, அப்புறம் தோல் உரிந்தது, அப்புறம் உள்ளங்கை அகலத்துக்குக் குழிந்து சீழ் வைத்தது. நாற்றம் அடிக்கத்தான் அடித்தது, இல்லை என்று சொல்லவில்லை. எனக்கும்தான் மூக்கு இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தம்பியும் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள்.

"நாலு பேர் வந்து போற வீடு. யாரையும் உக்கார வைக்க முடியல. நல்ல முதியோர் ஹோமா பாத்து அப்பாவை விட்டுடலாம்" என்றார் செண்டு.

"அண்ணன் சொல்றதும் சரிதான்" என்றார் என் வீட்டுக்காரர். அண்ணன் எதைச் சொன்னாலும் அவருக்குச் சரிதான்.

அறைக் கதவு திறந்தே இருந்தது. நான் உள்ளே போனபோது மாமா நல்ல கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "அனுப்பிடாதம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி முடிக்க அவருக்கு அவ்வளவு நேரம் ஆனது.

வெளியே வந்து, "மாசக் கடைசி வரைக்கும் பொறுங்க. புண்ணு ஆறலைன்னா எங்க வேணா கொண்டு போங்க" என்றேன்.

"நீ என்ன டாக்டருக்கா படிச்சிருக்க?" என்று செண்டு சிரித்தார். ஆனாலும் சரி என்றார். மாசக் கடைசிக்கு ஹோம் வண்டிக்கும் அப்போதே சொல்லிவைத்துவிட்டார். மனுஷன் அதில் மட்டும் படு வேகம்.

உண்மையான டாக்டர் வீட்டுக்கு வந்து அழுகிய சதையை வெட்டி எடுத்தார், மாத்திரை எழுதினார். "மருந்து பாதி வேலைதாம்மா செய்யும். மீதி நீங்க பாத்துக்கற விதத்துல இருக்கு" என்று சொல்லி, படுக்கை நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு நர்சிங் கல்லூரி போனிலேயே வீடியோ வகுப்பு நடத்துவதாகச் சொன்னார். வேறு எந்த வகுப்புக்கும் நான் போயிருக்க முடியாது. தெருமுனைக் கடைக்கே அடுப்பைப் பாதியில் அணைத்துவிட்டு ஓடி ஓடி வருகிறவள் நான்.

வகுப்பு எடுத்தது ஒரு மூத்த நர்ஸ். எந்த ஊரோ, என்ன பெயரோ, எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான். கரகரப்பான குரல், தாட்சண்யம் பார்க்காத வாய். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கரும்பலகை தெரியாமலேயே படிப்பை முடித்தவள் நான். இங்கே சிஸ்டரின் கை என் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. பஞ்சை எப்படிப் பிடிக்கிறார், குழிக்குள் துணியை எப்படி அமுக்காமல் வைக்கிறார் என்று ஒவ்வொரு விரலும் தெரிந்தது. புரியாவிட்டால் சாயங்காலம் பதிவைப் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். கூடப் படித்தவர்களில் ஒருவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டே வகுப்பைக் கேட்பார். அவரைப் பார்க்கிற நாளெல்லாம் என் வீட்டு இரண்டு துரைகளையும் நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெரிய லாபம் என்னவென்றால், சிஸ்டரால் மாமாவின் புண்ணையே நேராகப் பார்க்க முடிந்தது. முதல் வாரமே, "அது என்னம்மா இடுப்புக்கு அடியில? காத்து வளையமா? தூக்கிக் கடாசு. சுத்தி ரத்த ஓட்டத்தையே அது நிறுத்திடும்" என்று ஒரு அதட்டல் போட்டார். நல்லது என்று நினைத்துச் செண்டு வாங்கிக் கொடுத்த ஒரே சாமான் அதுதான். அதுவும் கெடுதல்.

சிஸ்டர் சொன்னபடி கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் கழுவினேன். மணிக்கொரு தடவை கடியாரத்தைப் பார்த்துத் திருப்பிப் படுக்க வைத்தேன். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குத் தலையணை கொடுத்தேன். முதலில் நாற்றம் போனது. அப்புறம் குழிக்குள் நல்ல சிவப்புச் சதை தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் ஓரம் மட்டும் மூடவே இல்லை, புதுசு புதுசாகக் கிழிந்துகொண்டே இருந்தது.

"தனியாவா புரட்டற?" என்று கேட்டார் சிஸ்டர். "இழுத்தா தோல் கிழியத்தான் செய்யும். தூக்கிப் புரட்ட ரெண்டு பேர் வேணும். வீட்ல ஆள் இல்லையா?"

"இருக்காங்க சிஸ்டர். ஆம்பளைங்க ரெண்டு பேர்."

"அப்புறம் என்ன?"

அத்தனை பேர் முன்னால் நான் என்னத்தைச் சொல்ல? என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டால், "எனக்கு ஒத்துக்காதுடி, வாந்தி வந்துரும்" என்று வாசலுக்குப் போய்விடுவார். செண்டிடம் கேட்டதற்கு, "ஆபீஸ் சட்டையில இருக்கேன்" என்றார். சட்டையைக் கழற்றிவிட்டு வரலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"அடுத்த வகுப்புல செய்முறை உங்க வீட்லதான். எல்லாரும் பாக்கணும். ரெண்டு பேர் நின்னாகணும்" என்று சொல்லிவிட்டார் சிஸ்டர். அந்த வகுப்பு மாசக் கடைசிக்கு முந்தின நாள்.

விஷயம் தெரிந்ததும் வீடே இரண்டுபட்டது. மாசக் கணக்கில் அந்த அறையை எட்டிப் பார்க்காத செண்டு, மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தார்.

"எங்கப்பாவை ஊருக்கெல்லாம் காட்டப் போறியா? குடும்ப மானம் என்னாகறது?"

"மானத்தைக் காட்டல அத்தான். புண்ணைத்தான் காட்டப் போறேன்."

"யார் யார் பாப்பாங்க?"

"எல்லா ஊர்லேருந்தும் பாப்பாங்க. பெரிய பெரிய ஆளுங்ககூட இருக்காங்க."

அதைக் கேட்டதும் ஆள் மாறிவிட்டார். கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "அப்ப ரூம் நீட்டா இருக்கணும். அதை நான் பாத்துக்கறேன்" என்றார். நானும் பைத்தியக்காரி, ஏதோ நல்ல புத்தி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

வகுப்பன்று உப்புத் தண்ணீரை ஆறவைத்து எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். வாசற்படியிலேயே செண்டு நெடி மூக்கில் ஏறியது. மாடித் திரைச்சீலை இங்கே தொங்கியது. மாமாவுக்குக் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி புதுச் சட்டை. இரண்டு மகன்களும் தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையில் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் நின்றார்கள்.

"புண்ணு மேல பவுடர் போட்டு விட்டுட்டேன். கேமரால அசிங்கமா தெரியாது" என்றார் செண்டு பெருமையாக.

அடப்பாவி! மாமாவை அரைகுறையாக ஒருக்களித்து வைத்து, முகப் பவுடரை டப்பாவோடு கவிழ்த்திருந்தார். நான் பொத்திப் பொத்தி வளர்த்த சிவப்புச் சதை முழுக்க வெள்ளைச் சேறாகக் குழம்பிக் கிடந்தது. பவுடர் போட வேண்டுமென்றால் மாமாவைத் திருப்பியிருக்க வேண்டும். திருப்பியிருக்கிறார்கள், அண்ணனும் தம்பியும் சேர்ந்து. வாந்தி வரவில்லை, சட்டை அழுக்காகவில்லை. அதுவரை நான் சீழைப் பார்த்திருக்கிறேன், மலத்தை அள்ளியிருக்கிறேன், ஒரு நாளும் குமட்டியதில்லை. அன்றைக்குக் குமட்டியது.

சண்டை போட நேரமில்லை, வகுப்பு தொடங்கிவிட்டது. போனை ஸ்டாண்டில் மாட்டி, பின்பக்கக் கேமரா கட்டிலைப் பார்க்கும்படி வைத்தேன்.

"அது என்னம்மா வெள்ளையா?" என்றார் சிஸ்டர் எடுத்த எடுப்பில்.

"பவுடர் சிஸ்டர்."

"யார் போட்டது?"

செண்டு தானாகவே ஒரு அடி முன்னால் வந்து, "நான்தாங்க. மூத்த மகன்" என்றார் சிரித்தபடி.

"நல்ல காரியம் பண்ணீங்க சார். ஆறிட்டு வந்த புண்ணைக் கெடுத்து வச்சிருக்கீங்க. அந்தப் பக்கம் போங்க. அப்பாவை உங்க பக்கமா முழுசாப் புரட்டி, தோள்லயும் இடுப்புலயும் கை குடுத்துப் பிடிங்க. மருமக கழுவி முடிக்கிற வரைக்கும் கை எடுக்கக் கூடாது."

எல்லா ஊரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி முடியாது என்பார்? பிடித்தார். தொண்டை ஏறி ஏறி இறங்கியது, நெற்றியில் வியர்வை கொட்டியது, ஆனால் கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்கவில்லை, சிரிப்பையும் விடவில்லை. நான் துளித் துளியாகப் பவுடரைக் கழுவினேன். மாமா முனகவே இல்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தோல் இழுபடாமல் அவரைத் திருப்பினோம்.

"மேலாகத்தாம்மா இருந்துச்சு, நல்லாக் கழுவிட்டே. இனிமே இப்படியே பிடிச்சீங்கன்னா ஓரம் மூடிடும்" என்றார் சிஸ்டர்.

மறுநாள் வண்டி வரும் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. வகுப்புப் பதிவிலிருந்து தான் தகப்பனைத் தாங்கிப் பிடித்திருக்கும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, 'பெத்தவங்களைத் தாங்குறதுதான் பெரிய பாக்கியம்' என்று எழுதி, செண்டு அதைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தார். சித்தப்பாக்கள் அழுதுவிட்டார்களாம். ஷோரூம் முதலாளி எல்லார் முன்னாலும் கைகுலுக்கினாராம். பவுடரைப் பற்றி எவருக்கும் ஒன்றும் தெரியாது.

"வண்டியை வேண்டாம்னுட்டேன். இந்த நேரத்துல அனுப்பினா நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்த கிளாஸ் எப்ப?" என்று கேட்டார்.

சீ, இதுவும் ஒரு ஜென்மமா என்று மூஞ்சிக்கு நேராகக் கேட்டிருப்பேன். மாமாவின் புண் ஓரம் ஞாபகத்துக்கு வந்தது.

"தினமும் உண்டு அத்தான். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு" என்றேன்.

வகுப்பு அந்த வாரத்தோடு முடிந்துவிட்டது, அதைச் செண்டிடம் மட்டும் சொல்லவில்லை. நான் வேளை தவறாமல் போனை ஸ்டாண்டில் மாட்டுகிறேன். அணைந்துபோன திரை என் பக்கம், கேமரா அவர் பக்கம். செண்டு தலைவாரிக்கொண்டு வந்து தகப்பனைத் தன் பக்கம் புரட்டிப் பிடித்து, அவர் தலைக்கு மேலாகக் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி நிற்கிறார். நடுவேளைகளில் என் வீட்டுக்காரர் பிடிக்கிறார். அண்ணன் செய்கிறாரே! புண் ஓரம் மூடிவிட்டது. இனி ஹோம் பேச்சை எடுக்க அவர்களுக்கு வாய் வராது.

நேற்றுக் காலை செண்டு போன பிறகு மாமா என்னைக் கிட்டே கூப்பிட்டார். முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

"பெரியவன் தினமும் வர்றான் பாத்தியா" என்றார் குழறிக் குழறி. "என் மூஞ்சியைப் பாத்தா அழுதுடுவான் போல. அதான் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு நிக்கிறான்."

"ஆமா மாமா. அவருக்கு ரொம்ப இளகின மனசு" என்றேன்.

சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினேன்.