பின்னறையைக் கட்டியவர்

கொத்தனாருக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார். சுவரைத் தட்டிப் பார்ப்பார். அன்று காலையிலிருந்து பின்னறைச் சுவரை நாலு தரம் தட்டிவிட்டார். அவர் மனைவி ஒவ்வொரு தட்டையும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மகள் இருக்கும் நாட்டுக்குக் குடிபோய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. பூட்டிக் கிடக்கும் இந்த வீட்டை விற்றுவிட்டுப் போகலாமென்று மூன்று வாரத்துக்கு டிக்கெட் எடுத்து வந்திருந்தார்கள். வாங்க ஆளும் தயார். அந்தப் பணத்தில் மகள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் சின்னதாக ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள் மனைவி. மருமகன் வீட்டு ஓரறையில் பெட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவே பக்கவாட்டில் நடந்து நடந்து அலுத்துப்போயிருந்தது. இந்த நேரம் பார்த்துத்தான் வரிக்கணக்கு பார்க்கும் அம்மாள் தலையில் ஒன்றுக்கு இரண்டாகக் கல்லைப் போட்டார்.

"பின்னறைக்கு அனுமதி வாங்கியிருக்கீங்க, சரி. ஆனா கட்டி முடிச்சதும் ஆய்வாளரைக் கூப்பிட்டுக் காட்டவே இல்லையே! அந்தச் சான்றிதழ் இல்லாம வீட்டை விக்க முடியாது. அப்புறம், வெளிநாட்டுல இருந்துக்கிட்டு விக்கிறதால லாபத்துக்கு வரி உண்டு. அறை கட்டின செலவை அதுல கழிச்சுக்கலாம். செங்கல், சிமெண்டு, கம்பிக்கெல்லாம் ரசீது இருக்கு. கூலி யாருக்குக் கொடுத்தீங்க?"

"கூலியா? நான்தாம்மா கட்டினேன்."

"அப்ப கூலி பூஜ்யம்ங்க. சொந்த உழைப்பைச் செலவா எடுத்துக்க மாட்டாங்க."

பூஜ்யமாம்! பதினாலு மாதம், வேலை விட்டு வந்த சாயங்காலம் ஒன்று விடாமல், லீவு நாள் ஒன்று விடாமல் எழுப்பிய அறை அது. அந்த வார்த்தையைக் கேட்ட நாளிலிருந்துதான் மனிதர் சுவரைத் தட்டுகிறார்.

வழி சொன்னவன் கொத்தனார் மனைவியின் தம்பி. உரிமம் வைத்திருக்கும் கட்டட ஒப்பந்தக்காரன். வாய் கொஞ்சம் நீளமென்றாலும் அக்கா மேல் உயிர். ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"அத்தான், நான் கூலி வாங்கிக்கிட்டுக் கட்டிக் கொடுத்ததா எழுதியிருக்கேன். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். கூலியும் கணக்குல ஏறும். உரிமம் உள்ளவன் கட்டினதுன்னா ஆய்வாளர் மேலோட்டமாப் பார்த்துட்டுப் போயிடுவார். இல்லேன்னா தூணை உடைச்சுக் காட்டச் சொல்வார். உள்ளே குறை இருந்தா அறையையே இடிக்கணும். அதுவரைக்கும் வாங்குறவர் காத்துக்கிட்டா இருப்பார்?"

"நீ கட்டினியா?" என்றார் கொத்தனார்.

"பேப்பர்லதானே அத்தான்!"

"ஒரு செங்கல்லைத் தூக்கிக் கொடுத்திருப்பியாடா? லீவு நாள்ல வருவே, வயிறு முட்டச் சாப்பிடுவே, அந்தச் சோபாவுல குறட்டை விடுவே. நீ கட்டினேன்னு நான் கையெழுத்துப் போடணுமா? எடுத்துக்கிட்டுப் போ!"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "உங்க வீம்பை எந்தக் கடையில போய் விக்கிறது? யார் கட்டினாங்கன்னு சுவருக்கா தெரியப்போகுது? போட்டுத் தொலைங்களேன்!"

அவர் உளியைத் தேடப் போய்விட்டார். தாள் மேசையிலேயே கிடந்தது.

இரண்டு நாள் கழித்து ஆய்வாளர் வந்தார். சிரிப்பை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்தவர் போலிருந்தார். பின்னறைத் தூணில் ஒரு முழ உயரத்துக்குச் சாக்கட்டியால் கட்டம் போட்டார்.

"இங்கே கம்பி தெரியிற வரைக்கும் உடைக்கணும். ஆளைக் கூப்பிடுங்க."

"ஆள் எதுக்கு?" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு உளியை வைத்தார் கொத்தனார்.

ஒவ்வொரு அடியும் அவள் நெஞ்சில் விழுந்தது. பூச்சு உதிர்ந்தது, உள்ளே கான்கிரீட்டும் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. பக்கத்துத் தெரு வீடும் அதோடு சேர்ந்து உதிர்வதாகவே அவளுக்குப் பட்டது. பாவி மனுஷன், ஒரு கையெழுத்தில் முடிய வேண்டியதை இப்படி இழுத்து விட்டுக்கொண்டாரே!

கம்பி தெரிந்தது. ஆய்வாளர் டார்ச் அடித்தார், டேப்பை வைத்து அளந்தார். துரு இல்லை. நாலு கம்பிகளையும் சுற்றி வளையங்கள் ஒரே இடைவெளியில் இருந்தன. அப்புறம் விரலை உள்ளே விட்டுத் தடவியவர், எடுக்கவே இல்லை.

"ஏதாவது குறையா சார்?" என்று கேட்டாள் அவள்.

"கம்பியையும் வளையத்தையும் சேர்த்துக் கட்டின இந்தக் கட்டுக்கம்பியைப் பாருங்க. ஒவ்வொரு முடிச்சும் ரெண்டே முறுக்கு. முனையை உள்பக்கமா மடக்கி விட்டிருக்கு. இருபது வருஷமாத் தூணைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன், பெரிய பெரிய கட்டடத்துலகூட இவ்வளவு சுத்தமான வேலை பார்த்ததில்ல. யாருங்க இது, நீங்களா?"

கொத்தனார் உளியைக் கீழே வைத்தார். "நான் இல்ல சார்."

அவளுக்குத் திக்கென்றது.

"இவ. சலவைக்கூடத்துல நாளெல்லாம் துணிமூட்டை கட்டிட்டு வந்து, இங்கே கம்பி கட்டினா. இந்த அறையில இருக்கிற முடிச்சு அத்தனையும் இவ கைதான். மூடப்போற இடத்துக்கு எதுக்கு இவ்வளவு அழகுன்னு நான்தான் கிண்டல் பண்ணினேன். இதைப் போய் மச்சினன் பேர்ல எழுதச் சொன்னா எப்படி சார்?"

அவள் சுத்தமாக மறந்துபோயிருந்தாள். விரல்களில் கீறலோடு மறுநாள் வேலைக்குப் போனது, கீறல் வேண்டாமென்று முனைகளை மடக்கப் பழகியது, எல்லாம் இப்போதுதான் ஒவ்வொன்றாக வந்தது. குனிந்து தூணுக்குள் பார்த்தாள். முடிச்சுகள் நேற்றுக் கட்டியவை போலவே இருந்தன. கண் நிறைந்துவிட்டது, அதைத் துடைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சுவருக்கா தெரியப்போகுதுன்னு கேட்டியே!" என்றார் கொத்தனார்.

ஆய்வாளர் படிவத்தை எடுத்தார். கட்டியவர் என்ற இடத்தில் ஒரு பெயருக்குத்தான் கோடு இருந்தது. அவர் பேனாவை வைத்து நெருக்கி நெருக்கி இரண்டு பெயர்களை எழுதினார். அடுத்த வாரம் சான்றிதழ் வந்துவிடும் என்றார். போகும்போது லேசாகச் சிரித்தது மாதிரிகூட இருந்தது.

அவள் மேசையில் கிடந்த தம்பியின் தாளை எடுத்து இரண்டாக மடித்து, தரையில் சிதறிய தூளை அதில் வாரினாள். கூலியைக் கழிக்காமல்தான் வரி கட்டவேண்டும். பக்கத்துத் தெரு வீட்டுக்குப் பதிலாக ஓர் அறை குறைந்த வீடுதான் கிடைக்கும். குறைந்தால் குறையட்டுமே! அறை கட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.